பயோனிக் கண்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது, ஏன்?

என் பெரியப்பாவுக்குக் குளுக்கோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய் அது. வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் இப்போது அவருக்குத் தெரியும். "கண்ணில் சிப், பார்வை இழந்தவர் மறுபடி படிக்கிறார்" என்று எப்போது செய்தி வந்தாலும், சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் அதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடுவார். அன்று மாலையே எனக்கு போன் வரும். "ஏம்ப்பா, இத எனக்கு வைக்க முடியுமா?"

முதல் தடவை எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். கண்புரைக்கு வைக்கும் லென்ஸ், கண் தானம், விழித்திரையில் வைக்கும் சிப், மூளையில் வைக்கும் சிப் என எல்லாவற்றையும் நாம் "செயற்கைக் கண்" என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. நான்கும் வேறு வேறு. கடைசி இரண்டைத்தான் பயோனிக் கண் என்கிறார்கள். ஒருவருக்குப் பலன் தரும் கருவி இன்னொருவருக்குத் துளியும் உதவாமல் போகலாம். அது ஏன் என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## கண் பார்ப்பதில்லை

ஒரு வீட்டின் காலிங் பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஸ்விட்ச் இருக்கிறது. சுவருக்குள் கம்பி ஓடுகிறது. கூடத்தில் மணி இருக்கிறது. ஸ்விட்சை அழுத்தினால் மணி அடிக்கிறது. ஆனால் ஸ்விட்ச் அடிப்பதில்லை; அடிப்பது மணிதான்.

பார்வையும் இப்படித்தான். கண் என்பது வாசல் ஸ்விட்ச். பார்வை நரம்பு என்பது கம்பி. மணி இருப்பது தலையின் பின்பக்கத்தில், மூளையின் கடைக்கோடியில். அந்தப் பகுதிக்குப் பார்வைப் புறணி என்று பெயர். 'பார்த்தேன்' என்று நாம் சொல்லும் அனுபவம் அங்கிருந்துதான் உருவாகத் தொடங்குகிறது.

ஸ்விட்சுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம் கார்னியா. அதற்குப் பின்னால் லென்ஸ். இரண்டும் வெளிச்சத்தைக் குவித்து, கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரையில் விழவைக்கின்றன. அந்தத் திரைதான் விழித்திரை. அதில் வெளிச்சத்தை உணரும் செல்கள் 12 கோடிக்கும் மேல் இருக்கின்றன. இவற்றை ஒளி உணர் செல்கள் என்போம். வெளிச்சம் பட்டதும் இவை அதை மின்குறிப்பாக மாற்றுகின்றன. அதற்கு மேலே உள்ள இடைச்செல்கள் அந்தக் குறிப்பை வடிகட்டி, கேங்லியான் செல்கள் என்ற கடைசி வரிசைக்குக் கொடுக்கின்றன. இந்தக் கடைசி வரிசை செல்களின் வால்கள் எல்லாம் கயிறுபோல ஒன்றுசேர்ந்து ஓடுவதுதான் பார்வை நரம்பு. அதில் ஏறத்தாழ 10 லட்சம் நார்கள்.

12 கோடி செல்கள் வாங்கும் செய்தி, 10 லட்சம் நார்களில் போகிறது என்பதைக் கவனியுங்கள். அதாவது, விழித்திரை வெறும் கேமரா ஃபிலிம் இல்லை. எது ஓரம், எது அசைகிறது, எங்கே வெளிச்சம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று படத்தை அங்கேயே சுருக்கி எழுதி அனுப்புகிறது. இந்த ஒரு விஷயம் பின்னால் ரொம்பவும் முக்கியமாகப் போகிறது.

இதுவரை: கண் வெளிச்சத்தை மின்குறிப்பாக்குகிறது, நரம்பு அதைக் கொண்டுபோகிறது, மூளை பார்க்கிறது.

## கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

கண்ணில் நோயோ, சமீபத்தில் அறுவை சிகிச்சையோ இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். கண்களை மூடி, மூக்குப் பக்கமாகப் பார்வையைத் திருப்புங்கள். இப்போது வலது கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேல், விரல் நுனியால் மிக மெதுவாக அழுத்துங்கள். மூக்கை ஒட்டிய பக்கத்தில் ஒரு மங்கலான வட்டம் தோன்றும். விரல் அசைந்தால் அதுவும் அசையும்.

அங்கே வெளிச்சமே இல்லை. விரல் அழுத்தத்தால் விழித்திரைச் செல்கள் தூண்டப்பட்டன. மூளைக்கு அது தெரியாது. இந்தக் கம்பியில் செய்தி வந்தால் அது வெளிச்சம்தான் என்பது அதன் கணக்கு. விழித்திரையில் படம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் விழுவதால், வெளி ஓரத்தில் தொட்டால் அது மூக்குப் பக்கம் தெரிகிறது. இப்படி வெளிச்சம் இல்லாமலே தோன்றும் ஒளிக்குப் பாஸ்பீன் என்று பெயர்.

இந்தத் துறை முழுக்க இந்தச் சின்ன உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஸ்விட்ச் கெட்டுப்போனாலும் கம்பியும் மணியும் நன்றாக இருந்தால், இரண்டு கம்பி முனையைத் தொடவைத்து மணியை அடித்துவிடலாம் அல்லவா? அதேபோல, செத்துப்போன செல்களை விட்டுவிட்டு, அடுத்து உயிரோடு இருக்கும் செல்லை மின்சாரத்தால் தட்டினால் மூளைக்குள் ஒளி தோன்றும்.

இது புதிய யோசனை இல்லை. 1755லேயே பிரான்சில் ஷார்ல் லெ ராய் என்ற மருத்துவர், பார்வை இழந்த ஒருவரின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் செலுத்தினார். குணமாக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். குணமாகவில்லை. ஆனால் அந்த மனிதருக்குத் தீப்பிழம்பு போன்ற ஒளி தெரிந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1968இல், ஜைல்ஸ் பிரிண்ட்லி, வால்போல் லூவின் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். பார்வை இழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் பார்வைப் புறணி மேல் 80 மின்முனைகளை வைத்திருந்தார்கள். மின்முனை என்பது செல்லுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்த் தொடும் சின்ன உலோகப் புள்ளி. ரேடியோ அலையால் அவற்றைத் தூண்டியபோது அந்தப் பெண்ணுக்கு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. கண்ணைத் திருப்பினால் அந்தப் புள்ளிகளும் கூடவே நகர்ந்தன.

## எங்கே அறுந்திருக்கிறது?

இப்போது என் பெரியப்பாவின் கேள்விக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். பார்வை போய்விட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

லென்ஸ் மங்கினால் அது கண்புரை. அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்தால் போதும். இதில் மின்னணுவியல் எதுவும் இல்லை. கார்னியா கெட்டிருந்தால், தானமாக வந்த கார்னியாவை மாற்றி வைக்கிறார்கள். கண் தானத்தில் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்திப் பார்க்கவைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெட்டிய பார்வை நரம்பின் 10 லட்சம் நார்களை மறுபடி மூளையோடு இணைக்க இன்றைக்கு வழி இல்லை. 2023இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையும் பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை.

அடுத்தது விழித்திரை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் ஒளி உணர் செல்கள் படிப்படியாகச் சாகின்றன. முதலில் இரவில் பார்வை மங்கும். அப்புறம் ஓரப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகும். வயதானவர்களுக்கு வரும் மேக்குலா சிதைவில் இது தலைகீழ். விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா கெடுகிறது. ஓரத்தில் பார்வை இருக்கும், ஆனால் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, எழுத்து தெரியாது. இந்த இரண்டிலும் சாவது முக்கியமாக ஒளி உணர் செல்கள்தான். இடைச்செல்களிலும் கேங்லியான் செல்களிலும் பெரும்பகுதி பிழைத்திருக்கும். ஸ்விட்ச் போச்சு, கம்பி இருக்கிறது. விழித்திரைச் சிப் இவர்களுக்காகத்தான்.

குளுக்கோமாவில் சாவது கேங்லியான் செல்களே. அதாவது, கம்பியே அறுந்துவிட்டது. விழித்திரையில் எவ்வளவு நல்ல சிப்பை வைத்தாலும் அதன் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. விபத்தில் பார்வை நரம்பு அறுந்தவர்களுக்கும் இதே நிலைதான்.

சுருக்கமாக: முன்பக்கக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை, ஒளி உணர் செல்கள் போனால் விழித்திரைச் சிப், நரம்பே போனால் மூளைக்கு நேராகப் போகவேண்டும்.

## விழித்திரைச் சிப் எப்படி வேலை செய்கிறது

முதலில் பரவலாக வந்தது ஆர்கஸ் 2. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவால் பார்வையை இழந்தவர்களுக்கானது. ஐரோப்பாவில் 2011லும் அமெரிக்காவில் 2013லும் அனுமதி கிடைத்தது. மூக்குக் கண்ணாடியில் ஒரு சின்னக் கேமரா, இடுப்பில் ஒரு கணக்கிடும் பெட்டி. அந்தப் பெட்டி படத்தைச் சுருக்கி, கம்பியில்லாமல் கண்ணுக்கு அனுப்பும். விழித்திரையின் மேற்பரப்பில் பொருத்திய தகட்டில் 60 மின்முனைகள். அவை கேங்லியான் செல்களைத் தூண்டும். உலகம் முழுக்க 350க்கும் மேற்பட்டவர்கள் இதை வைத்துக்கொண்டார்கள். கதவு எங்கே இருக்கிறது, எதிரே ஆள் வருகிறாரா, சாலையைக் கடக்கும் கோடுகள் எங்கே என்பது போன்றவற்றைச் சிலரால் கண்டுபிடிக்க முடிந்தது. முகம் தெரியாது.

பிரிமா என்பது அடுத்த தலைமுறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் பலாங்கர் வடிவமைத்தது. இது எனக்கு மிகவும் பிடித்த கருவி, ஏனென்றால் அதன் எளிமை அப்படி. 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் சதுரம். தடிமன் 30 மைக்ரான், தலைமுடியின் பாதி கூட இல்லை. இதில் கம்பி இல்லை, பேட்டரியும் இல்லை. உள்ளே 378 குட்டி சோலார் தகடுகள் மட்டுமே. கேமரா பிடித்த படத்தை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக மூக்குக் கண்ணாடி கண்ணுக்குள் வீசுகிறது. எந்தத் தகட்டில் ஒளி படுகிறதோ அது அங்கேயே மின்சாரம் உண்டாக்கி, மேலே இருக்கும் இடைச்செல்லைத் தட்டுகிறது. அகச்சிவப்பு என்பதால், நோயாளிக்கு மிச்சமிருக்கும் ஓரப் பார்வையை அது தொந்தரவு செய்வதில்லை.

இந்தக் கருவி எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். செத்துப்போன ஒளி உணர் செல்கள் இருந்த அதே இடத்தில், விழித்திரைக்கு அடியில் வைக்கிறார்கள். ஆர்கஸ் கடைசி வரிசையைத் தட்டியது. பிரிமா அதற்கு முந்தைய வரிசையைத் தட்டுகிறது. அதனால் விழித்திரையின் சொந்தச் சுருக்கெழுத்து ஓரளவுக்காவது பயன்படுகிறது.

2025 அக்டோபரில் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மேக்குலா சிதைவின் முற்றிய நிலையில் இருந்த 38 பேருக்கு இதை வைத்தார்கள். ஓராண்டு முடிவில் பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்கு, எழுத்துப் பலகையைப் படிக்கும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. 27 பேர் வீட்டிலும் எழுத்து, எண், சொல் படிக்க இதைப் பயன்படுத்தினார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. 38 பேரில் 19 பேருக்குக் கண் அழுத்தம், ரத்தக்கசிவு போன்ற தீவிரப் பக்கவிளைவுகள் வந்தன. பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் சரியாகின.

'படிக்கிறார்' என்று செய்தியில் வரும் சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி அந்தக் கண்ணாடியில் உண்டு. ஒருவர் புத்தகத்தை எடுத்து, பெரிதாக்கும் அளவைத் திருகி, ஒன்றிரண்டு எழுத்தை மட்டும் நடுவுக்குக் கொண்டுவருகிறார். வண்ணம் கிடையாது. எழுத்தின் வடிவம் பிடிபட்டதும் தலையை மெதுவாக நகர்த்தி அடுத்த எழுத்து. எல்லாம் சேர்ந்து ஒரு சொல். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தால்தான் இது கைவரும். மெதுவானதுதான். ஆனால் பல ஆண்டுகளாக ஓர் எழுத்தைக்கூடக் காணாத ஒருவர் தானாக ஒரு சொல்லைப் படிக்கிறார் என்பது சாதாரண விஷயம் இல்லை. அதைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## 378 புள்ளி ஏன் 378 பிக்சல் ஆகாது

"போன் கேமராவில் கோடிக்கணக்கில் பிக்சல் இருக்கிறது, இதில் மட்டும் ஏன் சில நூறு? கூட்டிவிட்டால் முடிந்ததே?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரச்சினை புள்ளிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

முதலாவது, மின்சாரம் ஓர் இடத்தில் நிற்காது. கண்ணுக்குள் இருப்பது உப்புக் கலந்த ஈரம். ஒரு மின்முனையில் கொடுத்த மின்சாரம் அக்கம்பக்கமெல்லாம் பரவும். ஆர்கஸ் 2இன் ஒரு மின்முனை 200 மைக்ரான் அகலம். ஒரு கேங்லியான் செல் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். ஒன்றைத் தட்டப் போனால் ஒரு கூட்டமே எழுந்துவிடும். மின்முனையைச் சிறிதாக்கி நெருக்கி வைத்தால், ஒன்றின் மின்சாரம் மற்றொன்றோடு கலந்து புள்ளிகள் குழம்பும்.

இரண்டாவது, தூரத்துச் செல்களின் வால்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. மின்முனை அவற்றையும் தட்டிவிடும். மூளையோ அந்த வால் எந்தச் செல்லுடையதோ அந்த இடத்தில் ஒளியைக் காட்டும். அதனால் புள்ளி தெரியவேண்டிய இடத்தில் இழுத்துவிட்டதுபோல நீளக் கோடு தெரியும். ஆர்கஸ் வைத்தவர்கள் வரைந்து காட்டிய படங்களில் இந்தக் கோடுகளைக் காணலாம்.

மூன்றாவதுதான் ஆழமானது. முன்பே சொன்னேன், விழித்திரை சுருக்கெழுத்தில் எழுதுகிறது என்று. சில கேங்லியான் செல்கள் வெளிச்சம் கூடும்போது குரல் கொடுக்கும், சில செல்கள் வெளிச்சம் குறையும்போது குரல் கொடுக்கும். இன்னும் பல வகை. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. மின்முனை இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாகத் தட்டுகிறது. "கூடுது", "குறையுது" என்ற இரண்டு செய்தியும் ஒரே சமயத்தில் மூளைக்குப் போகின்றன. ஆர்மோனியத்தை விரலால் வாசிக்காமல் முழங்கையால் அழுத்துவது போல. சத்தம் வரும், ராகம் வராது. மூளை மெதுவாக இந்தச் சத்தத்துக்குள் ஒழுங்கைத் தேடக் கற்றுக்கொள்கிறது. பயிற்சி என்று சொல்வது இதைத்தான்.

இதற்கெல்லாம் மேல், உடலுக்குள் ஒரு மின்கருவி பிழைத்திருக்கவேண்டும். ஈரம் உள்ளே புகக்கூடாது. சூடு ஏறக்கூடாது. மின்துடிப்பை ஒரு திசையில் கொடுத்ததும் உடனே எதிர்த்திசையில் கொடுத்துச் சமன்செய்யவேண்டும். இல்லையென்றால் உலோகமும் திசுவும் அரிக்கப்படும்.

## நரம்பு போனவர்களுக்கு: மூளையில் நேரடியாக

கண்ணையும் நரம்பையும் விட்டுவிட்டுப் பார்வைப் புறணியையே தட்டுவது இரண்டாவது வழி. 1968இல் தொடங்கிய அதே வழி. 2021இல் ஸ்பெயினின் எல்சே நகர ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 16 ஆண்டுகளாகப் பார்வையில்லாத 57 வயதுப் பெண்ணின் பார்வைப் புறணிக்குள் 96 நுண் ஊசிகள் கொண்ட சிப்பை ஆறு மாதம் வைத்திருந்து, அப்புறம் எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அவரால் சில எழுத்துகளையும் பொருள்களின் ஓரங்களையும் அடையாளம் காண முடிந்தது. 2022இல் அமெரிக்காவின் சிகாகோவில், மொத்தம் 400 மின்முனைகள் கொண்ட 25 கம்பியில்லாச் சிப்புகளை ஒருவருக்கு வைத்தார்கள்.

இந்த மூளை வழியில் ஒரு அழகான கண்டுபிடிப்பு நடந்தது. பத்து மின்முனையை ஒரே நேரத்தில் எழுப்பினால் எழுத்து தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். தெரிந்ததோ வடிவமில்லாத ஒளித்திட்டு. 2020இல் டெக்சாஸின் பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மின்முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக, எழுத்தை எழுதும் வரிசையில் தூண்டினார்கள். உள்ளங்கையில் ஒருவர் விரலால் எழுதினால் நமக்குப் புரிகிறதே, அதேபோல சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு எழுத்து புரிந்தது. ஐந்து விரலையும் ஒன்றாக வைத்து அழுத்தினால் எழுத்து புரியாது அல்லவா?

மண்டை ஓட்டைத் திறக்கும் அறுவை சிகிச்சை, வலிப்பு வரும் வாய்ப்பு, தொற்று என்று இந்த வழியில் ஆபத்து அதிகம். நியூராலிங்க் நிறுவனத்தின் 'பிளைண்ட்சைட்' கருவிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு 'திருப்புமுனைக் கருவி' என்ற தகுதி கொடுத்தது. அதை "அனுமதி கிடைத்துவிட்டது" என்று பலர் பகிர்ந்தார்கள். அந்தத் தகுதியின் பொருள், பரிசீலனையின்போது அதிகாரிகள் முன்னுரிமை கொடுத்து நெருக்கமாக வழிகாட்டுவார்கள் என்பது மட்டும்தான். கருவி வேலை செய்கிறது என்ற சான்றிதழ் இல்லை.

பிறவியிலேயே பார்வையில்லாதவர்களுக்கு இந்த இரண்டு வழியும் இன்று பொருந்தாது. பார்வைப் புறணி குழந்தைப் பருவத்தில் பார்த்துப் பார்த்துத்தான் வேலை பழகுகிறது. பார்வையே வராதபோது அந்த இடத்தைத் தொடுதலும் கேட்டலும் எடுத்துக்கொள்கின்றன. அவர்கள் பிரெயில் படிக்கும்போது அந்தப் பகுதி சுறுசுறுப்பாக இருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த ஆய்வுகளுக்கு முன்பு பார்வை இருந்து இழந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

## கருவி உள்ளே, கம்பெனி வெளியே

இதைச் சொல்லாமல் விடக்கூடாது. செகண்ட் சைட் நிறுவனம் 2019இல் ஆர்கஸ் 2 வேலையை நிறுத்தியது. 2020இல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவியைக் கண்ணுக்குள் வைத்திருந்தவர்கள், பெட்டி பழுதானால் சரிசெய்ய ஆளில்லாமல் நின்றார்கள். ஜெர்மனியில் இதேபோன்ற சிப் செய்த ரெட்டினா இம்ப்ளான்ட் நிறுவனமும் 2019இல் மூடப்பட்டது. பிரிமாவை உருவாக்கிவந்த பிக்சியம் விஷன் பணமில்லாமல் தள்ளாடி, 2024இல் அதன் சொத்துகளை சயன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கியதால்தான் அந்த ஆய்வு தொடர்ந்தது. போன் பழசானால் தூக்கிப்போட்டுவிடலாம். கண்ணில் வைத்ததை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். கருவிக்கு அனுமதி கொடுக்கும்போதே, பத்து இருபது ஆண்டுக்கு உதிரிபாகமும் பராமரிப்பும் யார் தருவார்கள் என்பதை எழுதி வாங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போன மாதம் பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். பிரிமா செய்தியை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். காலிங் பெல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எனக்குக் கம்பி அறுந்து போச்சு, அவங்களுக்கு ஸ்விட்ச்சு" என்றார். ஆமாம் பெரியப்பா என்றேன். "மண்டைக்குள்ள வைக்கிறது எப்ப வரும்?" என்று கேட்டார். இன்னும் ஒருசிலருக்கு மட்டும்தான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஆராய்ச்சிக்காக என்று சொன்னேன். அப்புறம், அந்த 1968ஆம் வருஷத்துப் பெண்ணின் பார்வை எதனால் போனது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். குளுக்கோமாதான் என்றேன்.

"அந்தம்மாவுக்குப் புள்ளி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

தெரிந்தது என்றேன்.